மருந்துப் பரீட்சையும் ஏழை நாடுகளும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



ஏழை நாடுகளில் வைத்திய ஆராய்ச்சி நடத்தும் சக்தியை எப்படி உண்டாக்குவது, அதற்குப் பிற நாட்டாருடைய கூட்டு எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். பேரைக் கேட்டவுடனேயே, இது டாக்டர்களுடைய சங்கதியாயிற்றே, நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நாமும் வைத்தியக் கல்லூரிப் படி ஏறியவர்கள் அல்ல. பள்ளிக்கூடப் படிப்பே பாதியில் நின்றுபோய், கைக்குக் கிடைத்த புத்தகத்தையும் பத்திரிகையையும் படித்து நாலு விஷயம் தெரிந்துகொண்டவர்கள்தாம். ஆனால் மருந்தை விழுங்குகிறவன் யார்? ஊசிக்குக் கை நீட்டுகிறவன் யார்? நாம்தானே! நம் உடம்புக்குள் போகிற ஒரு வஸ்துவைப் பற்றி, இது பலிக்கும் என்று யார் கண்டுபிடித்தார்கள், யாரிடத்தில் பரீட்சை செய்து கண்டுபிடித்தார்கள் என்று கேட்க நமக்குப் பாத்தியதை இல்லையா?

முதலில், ஒரு மருந்து பலிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒருவன் காய்ச்சலில் கிடந்தான், திருநீறு பூசினார்கள், நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தான், ஆகவே திருநீறு பலித்தது என்கிறான். மற்றொருவன் கசாயம் குடித்தான், அவனும் எழுந்தான், ஆகவே கசாயம் பலித்தது என்கிறான். ஒன்றும் செய்யாமல் மூலையில் படுத்துக் கிடந்த மூன்றாமவனும் எழுந்தான். அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை! அந்த மூன்றாமவனைக் கணக்கில் சேர்க்கிற வரையில் எந்த மருந்தைப் பற்றியும் எந்த மந்திரத்தைப் பற்றியும் நமக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்லவேண்டும். இதிலே இங்கிலீஷ் வைத்தியர், நாட்டு வைத்தியர் என்ற பேதமே கிடையாது. "நாற்பது வருஷ அனுபவம்" என்று சொல்லிக்கொள்ளும் பெரிய டாக்டரும் இந்த விஷயத்தில் பூசாரியைப் போலவே ஏமாந்து போகக்கூடியவர்தான்.

இதற்கு ஒரு நல்ல வழியை 1948-ல் இங்கிலாந்தில் செய்து காட்டினார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து அப்போது புதிது. யுத்தம் முடிந்த கஷ்ட காலமாகையால் எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை. 107 க்ஷயரோகிகளை எடுத்துக்கொண்டு, யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மாத்திரம் என்பதை டாக்டருடைய இஷ்டத்துக்கு விடாமல், சீட்டுப் போட்டது போலக் கண்மூடித்தனமான கணக்கின்படி பிரித்து, ஒட்டிய உறைக்குள் வைத்துவிட்டார்கள். உறையைப் பிரித்த பிறகுதான் யாருக்கு எது என்று தெரியும். சிபார்சுக்கும் இடமில்லை, முகதாட்சணியத்துக்கும் இடமில்லை. ஆறு மாதத்தில், மருந்து உண்டவர் 55 பேரில் 4 பேரும், மருந்தில்லாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். மருந்து உயிரைக் காக்கிறது என்பதற்கு இதைவிட ருஜு என்ன வேண்டும்?

சரி, இங்கிலாந்தில் ருஜுவாகிவிட்டது, அதை அப்படியே நாம் எடுத்துக்கொண்டால் போதாதா, நாம் எதற்குத் தனியே ஆராய்ச்சி செய்து பணத்தைச் செலவழிக்கவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் நம் சென்னைப் பட்டணத்திலேயே இருக்கிறது.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ரயில் நிற்கும் ஓர் இடத்துக்குச் "சானடோரியம்" என்றே பேர் வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். 1928-ல் அங்கே க்ஷயரோகிகளுக்காக ஏற்பட்ட ஆஸ்பத்திரிதான் அந்தப் பேருக்குக் காரணம். அந்நாளில் உலகமெங்கும் டாக்டர்கள் நம்பி வந்தது என்னவென்றால், எலும்புருக்கி நோய் கண்டவனை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தி, நல்ல காற்றுள்ள இடத்தில் மாதக் கணக்காகப் படுக்கவைத்து, பாலும் முட்டையும் மாமிசமுமாகப் போஷாக்கான ஆகாரம் கொடுத்தால்தான் பிழைப்பான் என்பதாகும். மருந்து வந்த பிறகும் இந்த நம்பிக்கை போகவில்லை. பணக்கார தேசத்தாருக்கு இது சரிப்பட்டு வந்தது. இந்தியாவிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், ஆஸ்பத்திரிக் கட்டில்களோ அந்தக் கூட்டத்துக்கு முன் ஒரு மூலைக்கும் காணாது. கட்டில் கிடைத்தவன் பாடும் சுகமில்லை. கூலிக்குப் போகிறவன் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? பெண்பிள்ளையாயிருந்தால் குழந்தைகளைப் பார்ப்பது யார்? "சானடோரியம் இல்லாவிட்டால் பிழைப்பில்லை" என்பது உண்மையானால், இந்த நாட்டு ஏழைகளில் பெரும்பாலோரை சாகும்படி விட்டுவிட வேண்டியதுதான் என்று அர்த்தம். அது உண்மைதானா என்று யாரும் பரீட்சை செய்து பார்த்ததில்லை. பணக்கார தேசத்தான் எதற்காகப் பார்க்கப் போகிறான்? அவனுக்குத்தான் கட்டில் இருக்கிறதே!

அதற்காக 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் என்று ஒன்று ஏற்பட்டது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கு பேரும் கூட்டு. இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்குத் தலைவராக டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவர் வந்து 1961 வரை இங்கேயே தங்கி வேலை பார்த்தார். கிருமிப் பரிசோதனை விஷயத்தில் லண்டனிலிருந்த மிட்சிசன் என்னும் நிபுணர் துணை செய்தார்.

அவர்கள் செய்த பரீட்சையைக் கேளுங்கள். சென்னையின் நெருக்கடியான ஏழைப் பேட்டைகளில் இருந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுப் போட்டது போலவே பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றப் பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொல்லி, நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போகும்படி செய்தார்கள். இரு சாராருக்கும் மருந்து ஒன்றுதான்: ஐசோனையசிட், அத்துடன் பாஸ். காலம் ஒரு வருஷம். சானடோரியத்துக்காரருக்குக் காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு எல்லாம் உண்டு. வீட்டுக்காரருக்கோ ஒரே அறையில் ஐந்தாறு பேர், கஞ்சியோ கூழோ கிடைத்தது, பலருக்கு வேலைக்கும் போகவேண்டிய நிர்ப்பந்தம்.

முடிவு 1959-ல் வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்களில் 100-க்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 100-க்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. 92 பெரிதுதானே என்று சொல்லலாம். இவ்வளவு சிறு கூட்டத்தில் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடும். பிறகு ஐந்து வருஷம் விடாமல் கவனித்துப் பார்த்ததில், இரு சாராருக்கும் சொல்லத்தக்க பேதம் இல்லை. "வீட்டில் வைத்தால் பெண்டு பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளுமே" என்று எல்லோரும் பயந்தார்களல்லவா? வீட்டிலுள்ளவர்களையும் வரிசையாகப் பரிசோதித்து வந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவனுடைய குடும்பத்துக்கு, சானடோரியத்துக்குப் போனவனுடைய குடும்பத்தைவிட அதிக ஆபத்து ஒன்றும் ஏற்படவில்லை. ஏனென்றால் தொற்றுவதெல்லாம் பெரும்பாலும் நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது, மருந்து உள்ளே போன பிறகு தொற்றும் சக்தி சீக்கிரம் குறைந்துபோகிறது.

இதன் பலன் என்ன? பாலும் முட்டையும் வாங்க முடியாதவனும் பிழைக்கலாம் என்று ஆயிற்று. ஏழைக்கு மாத்திரமல்ல, பணக்கார தேசத்தாரும் சானடோரியங்களை ஒவ்வொன்றாக மூடத் தலைப்பட்டார்கள். சென்னைப் பேட்டையில் கிடைத்த அறிவு லண்டனுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போயிற்று. அறிவு எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கேதான் வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் படிப்பாளிகள் இதைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அங்கே வேறொரு சங்கதியும் வெளிப்பட்டது. மருந்து வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் அதைச் சாப்பிடுகிறார்களா என்று சந்தேகம் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், மூத்திரத்தைப் பரிசோதித்தார்கள். பலர் சரியாகச் சாப்பிடவில்லை! இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையும் நின்றுபோகிறது. இதற்குத் திட்டுவதால் என்ன பிரயோஜனம்? வாரத்துக்கு இரண்டே தடவை, நிலையத்தார் கண்ணெதிரே மருந்து கொடுத்தால் பலிக்குமா என்று அடுத்த பரீட்சை நடத்தினார்கள். பலிக்கிறது என்று 1964-ல் தெரிந்தது. பிற்காலத்தில், 1990-க்குப் பிறகு, உலக முழுதும் "டாட்ஸ்" என்று சொல்லி நடத்திவந்த முறைக்கு வேர் இங்கேதான்.

இனி, கூட்டு எப்படி இருந்தது என்பதுதான் முக்கியமானது. ஐந்து வருஷத்துக்கு என்று ஆரம்பித்த வேலை. வெளிநாட்டார் வந்து, இரத்தத்தையும் கோழையையும் எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போய்ப் புத்தகம் போட்டுக்கொள்ளவில்லை. கிருமி வளர்க்கும் ஆய்வுக்கூடம் இங்கேயே அமைந்தது. நர்சுகளும், வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியர்களும், எக்ஸ்ரே எடுப்பவர்களும், புள்ளிக் கணக்குப் போடுபவர்களும் இங்கேயே பழக்கப்பட்டார்கள். ராதாகிருஷ்ணா என்னும் நம் நாட்டுக் கணக்கு நிபுணர் இந்த நிலையத்தின் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். வெளிநாட்டார் படிப்படியாக விலகினார்கள், வேலை நிற்கவில்லை. அந்த நிலையம் 1978-ல் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் என்றும், 2011-ல் தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி ஸ்தாபனம் என்றும் பேர் மாறி, இன்றைக்கும் அதே சேத்துப்பட்டில் நடந்துவருகிறது. இதைத்தான் நாம் ஆராய்ச்சி நடத்தும் சக்தி என்கிறோம். கட்டடம் எழுப்பி, மந்திரியைக் கூப்பிட்டு நாடா வெட்டுவது அல்ல.

அந்தச் சக்தி இருந்தால் கசப்பான உண்மையையும் சொல்ல முடியும். 1968 முதல் செங்கற்பட்டு ஜில்லாவில் பி.சி.ஜி. ஊசியைப் பற்றி ஒரு பெரும் பரீட்சை நடந்தது. அதற்கும் பிற நாட்டாரும் உலக சுகாதார ஸ்தாபனமும் கூட்டு. கிராமம் கிராமமாக மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அதில் சேர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று ஏழரை வருஷம் கழித்துத் தெரிந்தது. ஊசி போடச் சொன்ன சர்க்காருக்கும் ஸ்தாபனங்களுக்கும் இது இன்பமான சேதியா? இருந்தும் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கொடிய விதமான க்ஷயத்தை, முக்கியமாக மூளைச் சவ்வைப் பிடிப்பதை, அது தடுக்கிறது என்பதற்கு வேறு ஆதாரம் இருப்பதால், பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் அதைப் போட்டுவருகிறோம். எந்த மதத்தாராவது தங்கள் சாமியைப் பரீட்சை செய்து, "இந்தக் காரியத்துக்கு இது உதவாது, அந்தக் காரியத்துக்கு மாத்திரம் உதவும்" என்று அச்சடித்து வெளியிட்டதை நீங்கள் கண்டதுண்டா? விஷயத்துக்கு வருவோம்.

டாக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1960-ல் அமெரிக்கா முதலிய நாடுகளின் உதவியோடு அங்கே காலரா ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்டது. உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் கலந்த தண்ணீரை வாயால் குடிக்கவைத்தே காலரா நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இரத்தக் குழாயில் ஏற்றும் திரவத்தின் தேவையைப் பெரிதும் குறைக்கலாம் என்று 1968-ல் அமெரிக்க டாக்டர்களும் வங்காள டாக்டர்களும் சேர்ந்து ருஜுப்படுத்தினார்கள். 1971 யுத்தத்தில் அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, பங்காவ் முகாமில் திலீப் மகலநபீஸ் என்னும் கல்கத்தா டாக்டர், ஏற்றுகிற திரவம் தீர்ந்துபோன நெருக்கடியில், இதையே பீப்பாய்களில் கலக்கிக் கொடுத்தார். சாவு 100-க்கு 30 என்ற அளவிலிருந்து 3, 4 என்ற அளவுக்கு இறங்கியது. இன்று நம் ஊர் மருந்துக் கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதுதான்.

இவ்வளவும் சொன்னதால், வெளிநாட்டான் வந்து ஆராய்ச்சி என்றாலே நல்லது என்று நாம் சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். 1996-ல் நைஜீரியா தேசத்துக் கானோ நகரத்தில் மூளைக்காய்ச்சல் பரவிக் குழந்தைகள் கூட்டங் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த சமயம், பைசர் என்னும் அமெரிக்கக் கம்பெனி தன் புது மருந்தை 200 குழந்தைகளிடம் பரீட்சை பார்த்தது. பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பழைய மருந்து. 11 குழந்தைகள் இறந்தன. இது பரீட்சை என்றே எங்களுக்குச் சொல்லவில்லை என்று பெற்றோர் வழக்காடினார்கள். கம்பெனி அதை மறுத்தது, நோயினால்தான் இறந்தன என்றது. கடைசியில் 2009-ல் கானோ மாகாணத்துக்கு ஏழரைக் கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு ராஜி செய்துகொண்டது. ஆனால் நஷ்டம் அதோடு தீரவில்லை. 2003-ல் அதே கானோவில் போலியோ சொட்டு மருந்தை வேண்டாம் என்று ஜனங்கள் மறுத்தார்கள். பல வதந்திகளும் மதத் தலைவர்கள் பேச்சும் அதற்குக் காரணம் என்றாலும், முன்பு பட்ட காயமும் ஒரு காரணம். போலியோ மறுபடியும் பக்கத்துத் தேசங்களுக்கெல்லாம் பரவிற்று. ஓர் ஊரில் விஷயத்தை மறைத்தால், அதற்கு வேறு ஊர்க் குழந்தை கால் முடமாகிப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

காங்கோ தேசத்து டாக்டர் முயெம்பே அவர்களுடைய சரித்திரத்தையும் கேளுங்கள். 1976-ல், அத்தேசத்துக்கு ஜயீர் என்று பேர் இருந்த காலத்தில், யாம்புக்கு என்னும் கிராமத்தில் இன்னதென்று தெரியாத ஒரு கொள்ளை நோய் வந்தது. அவர் போய், கையுறைகூட இல்லாமல் நோயாளிகளிடம் இரத்தம் எடுத்தார். பரிசோதிக்க நாட்டில் வசதியில்லாததால் இரத்தம் பெல்ஜியத்துக்குப் போயிற்று. எபோலா என்னும் புதுக் கிருமி வெளிப்பட்டது. கண்டுபிடித்த புகழ் நெடுங்காலம் வெள்ளைக்காரருக்கே இருந்தது! முயெம்பே தம் தேசத்தை விட்டுப் போகவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தை வளர்த்தார். 1995-ல் கிக்விட் நகரில் அந்நோய் கண்டு பிழைத்த ஒருவருடைய இரத்தத்திலிருந்து, அவருடைய கூட்டத்தாரும் அமெரிக்க சர்க்காரின் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஒரு மருந்தைப் பிற்பாடு உண்டாக்கினார்கள். 2018 நவம்பரில், யுத்தம் நடக்கும் கிழக்குக் காங்கோவில், சிகிச்சைக் கூடங்களே தாக்கப்படும் நிலைமையில், நாலு மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 681 நோயாளிகளிடம் பரீட்சை நடத்தினார்கள். 2019 ஆகஸ்டில் முடிவு வந்தது. முன்பு சிறந்தது என்று எண்ணிய மருந்தில் பாதிப் பேர் இறந்தார்கள், இரத்தத்திலிருந்து வந்த அந்த மருந்தில் 100-க்கு 35 பேர், மற்றொரு புது மருந்தில் சுமார் 34 பேர் இறந்தார்கள். அவ்விரண்டும் 2020-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன.

பிறகு? மருந்தின் பெரும் பங்கு அமெரிக்காவின் பாதுகாப்புக் கையிருப்பில் போய் உட்கார்ந்துகொண்டது, நோய் வரும் தேசத்து ஜனங்களுக்கு வேண்டிய மட்டும் எட்டவில்லை என்று எல்லையற்ற மருத்துவர் சங்கத்தார் குறை கூறினார்கள். இரத்தம் காங்கோவினுடையது, நோயாளி காங்கோவினர், உயிரைக் கொடுத்துப் பரீட்சை நடத்திய நர்சும் டாக்டரும் காங்கோவினர். களஞ்சியத்தின் சாவி மாத்திரம் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அக்கரையில்! ஆகவே கூட்டு என்று பேசும்போதே, முடிவில் வரும் மருந்து யாருக்கு, என்ன விலைக்கு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். ஆராய்ச்சி முடிந்த பிறகு கேட்டால் எவன் காது கொடுப்பான்?

மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. "ஆஸ்பத்திரியில் எங்கள் தாயாரைப் பரீட்சைக்குச் சேரச் சொல்லுகிறார்கள், சேரலாமா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். சேர், சேராதே என்று சொல்ல நாம் யார்? ஆனால் கேட்கவேண்டியதைச் சொல்லுவோம். இந்தியாவில் 2009 முதல் மருந்துப் பரீட்சைகளை முன்கூட்டியே பகிரங்கப் பதிவேட்டில் பதியவேண்டும் என்பது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒழுக்கக் குழு அனுமதி தந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2019-ல் வந்த விதிகளின்படி, பரீட்சையினால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. அது காகிதத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தாயாருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் சம்பந்தப்படாத ஒரு சாட்சியை வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சேராவிட்டாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது, பாதியில் விலகினாலும் நிற்காது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லும்படி கேளுங்கள். புது மருந்து கிடைக்காதவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள், இன்று உள்ளதில் சிறந்ததா அல்லது வெறும் மாவா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்டவுடனே டாக்டர் கோபித்துக்கொண்டால், அந்தக் காகிதத்தில் கைநாட்டு வைக்க அவசரப்படவேண்டாம். பொறுமையாக உட்கார்ந்து சொன்னாரானால், தாயாரிடமே விட்டுவிடுங்கள். உடம்பு அவருடையது. நீங்கள் மகனாயிருந்தாலும் அவருக்குப் பதிலாக முடிவு செய்யும் பாத்தியதை உங்களுக்குக் கிடையாது.